ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்... ஆனால், எந்தச் சோறு?

சோறு வெந்துவிட்டதா என்று பார்க்க யாரும் பானையைக் கவிழ்ப்பதில்லை. கரண்டியில் நாலு பருக்கை எடுத்து நசுக்கிப் பார்த்தால் போதும். ஆனால், அடியில் குழைந்து, மேலே அரைவேக்காடாக இருக்கும் பானையாக இருந்தால்? அப்போது எத்தனை பருக்கை எடுத்தோம் என்பதைவிட, எங்கிருந்து எடுத்தோம் என்பதுதான் முக்கியம்.

செல்போன் சிப்பில் இருக்கும் சிலிக்கான், சோலார் பேனல், பேட்டரி... இவற்றுக்கான பொருள்களை ஆய்வகத்தில் செய்வதற்கு முன்பே கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள் விஞ்ஞானிகள். அந்தக் கணக்கின் நடுவிலும் இதே பருக்கைப் பிரச்னைதான் இருக்கிறது.

படிகத்துக்குள் என்ன சராசரி?

புள்ளிக்கோலத்தில் புள்ளிகள் ஒரே இடைவெளியில் இருப்பதுபோல, படிகத்தில் அணுக்கள் வரிசை மாறாமல் அடுக்கப்பட்டிருக்கும். அதற்குள் எலெக்ட்ரான்கள் அலைகளாகப் பரவுகின்றன. ஒவ்வொரு அலைக்கும் ஒரு நீளம், ஒரு திசை. சாத்தியமான எல்லா அலைகளையும் ஒரே வரைபடத்தில் குறித்தால் கிடைப்பதுதான் 'பிரில்லூவான் மண்டலம்'. பிரெஞ்சு இயற்பியலாளர் லியோன் பிரில்லூவானின் பெயரைத் தாங்கியது இது.

இந்த வரைபடத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. ஒரு பக்கம் வெளியேறினால் மறுபக்கம் உள்ளே வந்துவிடலாம். அதாவது, மதிப்புகள் திரும்பத் திரும்ப வரும். பொருளின் மொத்த ஆற்றல் தெரிய வேண்டுமானால், மண்டலம் முழுவதற்கும் சராசரி எடுக்க வேண்டும். ஆனால், அதில் இருப்பதோ எண்ணற்ற புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் கம்ப்யூட்டர் ஒரு பெரிய சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். எனவே, சில புள்ளிகளை மட்டும் பொறுக்கியே ஆக வேண்டும்.

நாள் முழுக்க வெயில், நாலு முறை அளவு

இதைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். அங்கே வெப்பநிலை பகல் 2 மணிக்கு 34 டிகிரி. அதிகாலை 2 மணிக்கு 22 டிகிரி. இடையில் சீரான அலையாக ஏறி இறங்குகிறது. நாளின் சராசரி 28.

காலை 10, பகல் 2, மாலை 6 என்று மூன்று முறை அளந்தால் 31, 34, 31 கிடைக்கும். சராசரி 32. நான்கு டிகிரி தவறு! மாறாக, காலை 10 மணிக்கும் இரவு 10 மணிக்கும் மட்டும் அளந்தால் 31, 25. சராசரி சரியாக 28. மூன்று அளவு சறுக்கிய இடத்தில் இரண்டே அளவு ஜெயித்துவிட்டது. காரணம், நாளைச் சம பாகமாகப் பிரித்ததுதான். ஒன்றில் கூடியதை மற்றது கழித்துவிடுகிறது.

ஆனால், எல்லாவற்றுக்கும் இரண்டு அளவு போதாது. ஒரு தெருவின் தண்ணீர்த் தேவை காலை 7 மணிக்கும் மாலை 7 மணிக்கும் உச்சத்துக்குப் போகிறது என்று வையுங்கள். அந்த இரண்டு நேரத்தில் மட்டும் அளந்தால், நாள் முழுக்க உச்சம்தான் என்று தோன்றும். ஆறு மணிக்கு ஒருமுறை என நான்கு முறை அளந்தால்தான் பள்ளமும் கண்ணில் படும். அலை எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறதோ, அவ்வளவு நெருக்கமாக அளக்க வேண்டும்.

படிகத்தில் இந்த வேகமான அலைகள், தூரத்து அணுக்கள் ஒன்றையொன்று பாதிப்பதால் வருபவை. சிலிக்கான் போன்ற பொருள்களில் தூரம் கூடக்கூட அந்தப் பாதிப்பு சீக்கிரமே தேய்ந்துவிடும். அதனால்தான் சம இடைவெளியில் வைத்த சில புள்ளிகளே அங்கே போதுமானதாக இருக்கின்றன.

கொஞ்சம் தள்ளி வைத்தால் லாபம்

மறுபடியும் அதே வெயில் ஊர். பகல் 2 மணிக்கு முன்னும் பின்னும் வெப்பநிலை கண்ணாடி பிம்பம்போல ஒன்றாகவே இருக்கிறது. 2, 8, 2, 8 மணிகளில் அளந்தால், காலை 8-ம் இரவு 8-ம் ஒரே அளவுதான். ஆகவே மூன்று முறை அளந்தால் போதும். அதே நான்கு நேரங்களையும் மூன்று மணி நேரம் தள்ளி வையுங்கள்: 5, 11, 5, 11. இப்போது மாலை 5-ம் பகல் 11-ம் ஒன்று. இரவு 11-ம் அதிகாலை 5-ம் ஒன்று. இரண்டே முறை அளந்தால் நான்கின் பலன் கிடைத்துவிடும்!

படிகங்களில் இந்த லாபம் இன்னும் பெரிது. கனசதுர வடிவப் படிகத்தைச் சுழற்றியும் பிரதிபலித்தும் 48 விதங்களில் அதேபோலத் தோன்றச் செய்யலாம். அப்படியானால், ஒரு புள்ளியில் போட்ட கணக்கு 48 புள்ளிகள் வரைக்கும் செல்லும்.

1973-ல் அல்ஃபோன்ஸோ பால்டெரெஸ்கி, சராசரிக்கு மிக அருகில் வரும் ஒரே ஒரு புள்ளியைக் கண்டுபிடிக்க வழி சொன்னார். நிஜமாகவே 'ஒரு சோறு பதம்'! அதே ஆண்டில் சாடி, மார்வின் கோஹன் இருவரும் 'சிறப்புப் புள்ளி'களை வரிசைப்படுத்தினார்கள். சிலிக்கான் வகைப் படிகத்துக்கு முதலில் 2 புள்ளிகள். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் 10 புள்ளிகள். 1976-ல் ஹென்ட்ரிக் மாங்க்ஹார்ஸ்ட், ஜேம்ஸ் பேக் ஆகியோர் இதை எளிய சூத்திரமாக்கினார்கள். ஒவ்வொரு திசைக்கும் எத்தனை புள்ளி என்று சொன்னால் போதும். இடத்தைச் சூத்திரமே சொல்லிவிடும். திசைக்கு நான்கு புள்ளி என்றால், நாம் மேலே பார்த்த 5, 11, 5, 11 அமைப்புதான் வரும். இன்றும் உலகெங்கும் ஆய்வு மாணவர்கள் பயன்படுத்துவது இந்த முறையைத்தான்.

உலோகத்தில் ஏன் சறுக்குகிறது?

அலுமினியம், செம்பு போன்ற உலோகங்களில் கதை மாறுகிறது. அங்கே எலெக்ட்ரான்கள் ஒரு குறிப்பிட்ட ஆற்றல் வரை நிரம்பி, அதற்கு மேல் சட்டென்று காலியாகிவிடும். சீரான சரிவுக்குப் பதில் ஒரு செங்குத்துப் பள்ளம்.

நம் வெயில் ஊரில், '31 டிகிரிக்கு மேல் எத்தனை மணி நேரம்?' என்று கேட்டுப் பாருங்கள். சரியான விடை 8 மணி நேரம். 2, 8, 2, 8 அளவுகளில் ஒன்று மட்டுமே 31-ஐத் தாண்டுகிறது. நான்கில் ஒன்று என்றால் 6 மணி நேரம். 5, 11, 5, 11 அளவுகளிலோ இரண்டு தாண்டுகின்றன. நான்கில் இரண்டு என்றால் 12 மணி நேரம்! சராசரிக்குப் பிரமாதமாக உதவிய அதே நான்கு அளவுகள் இங்கே கைவிட்டுவிட்டன.

இதனால் உலோகங்களுக்குப் புள்ளிகளை நெருக்கமாக வைக்கிறார்கள். கூடவே, அந்தச் செங்குத்து ஓரத்தைக் கொஞ்சம் சரிவாக்கிவிட்டுக் கணக்குப் போடுகிறார்கள். மெத்ஃபெஸல், பாக்ஸ்டன் இருவரும் 1989-ல் தந்த வழி இதில் பிரபலம்.

சரியென்று எப்படித் தெரியும்?

நெருக்கமாக வைத்துக்கொண்டே போகலாமே என்றால், செலவு இடிக்கிறது. மூன்று திசையிலும் புள்ளிகளை இரட்டிப்பாக்கினால் மொத்தம் எட்டு மடங்காகும். ஒரு மணி நேரத்தில் முடிந்த வேலை எட்டு மணி நேரம் இழுக்கலாம். பொதுக் கம்ப்யூட்டரில் முறை வைத்துக் காத்திருக்கும் மாணவருக்கு இது சின்ன விஷயமல்ல.

ஆசைப்பட்டுக் குறைத்தாலும் ஆபத்து. 'குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ' என்ற இலவச மென்பொருளில், '4 4 4' என்று அடித்து, தள்ளி வைக்க வேண்டுமா என்பதற்கு 0 அல்லது 1 போட்டால் வேலை தொடங்கிவிடும். அந்த எண்கள் போதுமா என்று மென்பொருள் கேட்காது. தவறான விடையையும் பல தசம இலக்கங்களோடு அழகாக அச்சிட்டுத் தரும். கிராஃபீன் இதற்கு நல்ல உதாரணம். அதன் மின் குணத்தைத் தீர்மானிக்கும் முக்கியப் புள்ளி, நடுவிலிருந்து தொடங்கும் கட்டத்தில் எண்ணிக்கை மூன்றின் மடங்காக இருந்தால்தான் அகப்படும். அறுகோணப் படிகங்களுக்கோ தள்ளி வைப்பதே சமச்சீரைக் கெடுத்துவிடக்கூடும்.

இதற்கு ஆய்வாளர்கள் கைக்கொள்ளும் சோதனை எளிமையானது. முதலில் 4, பிறகு 6, பிறகு 8 என்று புள்ளிகளைக் கூட்டிப் பார்ப்பார்கள். விடை அசையாமல் நின்றால் போதும். இன்னும் ஆடினால் மேலே போக வேண்டும். ஒரு பொருளுக்கு நின்ற எண் இன்னொரு பொருளுக்கு நிற்கும் என்று சொல்ல முடியாது. அதனால், ஒவ்வொரு பொருளுக்கும் இந்தச் சோதனையைப் புதிதாகச் செய்தாக வேண்டும்.