ரேஸ் வீரனாம், ரேஸ் வீரன்!

சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களுக்கு இது தெரியும். சைலன்சரைக் கழற்றிய பைக்குகள் காதைக் கிழித்துக்கொண்டு பறக்கும். கடையைச் சாத்திவிட்டு வீடு திரும்பும் பெரியவர் பதறி ஒதுங்குவார். "ரேஸ் பசங்க வரானுங்க, ஓரமா போங்கண்ணே!" என்று டீக்கடையிலிருந்து குரல் வரும். மறுநாள் ஒருவன் அடிபட்டுக் கிடந்தால் 'பைக் ரேஸ் வாலிபர்' என்று பத்திரிகையில் தலைப்பும் வந்துவிடும்.

வாலிபர் சரி. ரேஸ் எங்கே வந்தது? இந்தப் பட்டத்தை இவர்களுக்கு யார் கொடுத்தது?

அந்தப் பெயரை உழைத்துச் சம்பாதித்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். ஆர்.ஏ.அப்துல்லா ஏழு முறை தேசிய சாம்பியன். அவர் மகள் அலிஷா ஒன்பது வயதில் கோ-கார்ட் ஓட்டத் தொடங்கி, பிறகு ஆண்களோடு சரிக்குச் சரியாக பைக் பந்தயத்தில் நின்றவர். 2011-ல் உலக சாம்பியன்ஷிப் 125 சி.சி. பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் சரத்குமார், சென்னைப் பையன்! (நடிகர் அல்ல, இவர் வேறு.) அம்பத்தூரில் பத்துப் பேரைக் கேட்டால் ஒருவருக்காவது தெரியுமா? சந்தேகம்தான்.

பிரேக்கே கிடையாது!

வெளிநாட்டில் 'ஸ்பீட்வே' என்று ஒரு பந்தயம். மண் தளத்தில் நாலு பேர், நாலு சுற்று. 500 சி.சி. வண்டி, ஒரே கியர். பிரேக் கிடையவே கிடையாது! பாடியில் பிரேக் தயாரிக்கும் தொழிலாளி கேட்டால் சிரிப்பார். வளைவில் பின்சக்கரத்தை வழுக்கவிட்டுத்தான் திருப்ப வேண்டும்.

இதில் ஆறு முறை உலக சாம்பியன் ஆனவர் நியூசிலாந்துக்காரர் ஐவன் மாகர். 1957-ல் பதினேழு வயதில் இங்கிலாந்துக்குப் போனார். ஜெயிக்கவில்லை, ஊர் திரும்பினார். 1963-ல் மறுபடி போனார். முதல் பட்டம் கிடைத்தது 1968-ல். பதினோரு வருஷப் பாடு! கடைசிப் பட்டம் 1979-ல், வயது 39. பிரேக் இல்லாத வண்டியில் அத்தனை வருஷம் ஓட்டியவர், 78 வயது வரை வாழ்ந்து 2018-ல்தான் காலமானார். நம்ம பைபாஸ் சூரப்புலிகளுக்கு பதினோரு மாதம் பொறுமை உண்டா?

பந்தயத் தளத்தில் எதிரே தண்ணீர் லாரி வராது. மாடு குறுக்கே வராது. மஞ்சள் கொடி காட்டினால் முந்தக்கூடாது. ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். அப்படியும் உயிர் போகிறது. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டைத் தளத்தில் 13 வயது பெங்களூர்ச் சிறுவன் பந்தயத்தில் விழுந்து இறந்தான். அத்தனை காவல் இருந்தும் அந்தக் கதி என்றால், ஹெல்மெட்டை டேங்க் மேல் மாட்டிக்கொண்டு போகிறவன் கதி என்ன?

சட்டம் இருக்கிறது. ரோட்டில் பந்தயம் விட்டால் மூன்று மாதம் வரை ஜெயில் அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் கிடைக்கலாம். பதினெட்டு வயது ஆகாத பையன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கு மூன்று வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் திருத்தம் வந்தது. "பிள்ளை ஆசைப்பட்டான், வாங்கிக் கொடுத்தேன்" என்கிற அப்பாக்கள் இதைக் கொஞ்சம் படிக்கட்டும்.

போலீசை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பூந்தமல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில்தான் இருங்காட்டுக்கோட்டைத் தளம், சுமார் 3.7 கிலோமீட்டர் சுற்று. அங்கே பயிற்சி எடுக்கலாம், காசு இருந்தால்! தோல் உடுப்பு, பூட்ஸ், கட்டணம் எல்லாம் ஆவடி மெக்கானிக் பையனுக்கு எட்டுமா? வேகத்தைக் காட்டியே விளம்பரம் செய்து வண்டி விற்கிற கம்பெனிகள் அந்தச் செலவை ஏற்கட்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு, அம்பத்தூர், ஆவடிப் பையன்களுக்கு இலவசமாகத் தளத்தைத் திறந்துவிடட்டும். எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை பேர் இரண்டாவது வளைவிலேயே போதும் என்று இறங்குகிறார்கள் என்று பார்த்துவிடலாம்!