ஒரகடம் கார் ஆலையைத் தாக்கிய வைரஸ்: பாஸ்வேர்டே இல்லாமல் நுழைந்தது எப்படி?

2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்கள் சிக்கின. ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிசான் கார் ஆலையும் தப்பவில்லை.

யாரும் லிங்க்கை க்ளிக் செய்யாமலே எப்படிப் பரவியது?

மெயின்ஃப்ரேம் காலத்திலிருந்தே கோப்பு எடுக்க இரண்டு படிகள். முதலில் 'லாகான்' என டைப் செய்து, பாஸ்வேர்ட் கொடுத்து செஷனைத் தொடங்கணும். அப்புறம்தான் கோப்பைக் கேட்கும் கட்டளை.

இன்று ஆபீஸில் ஷேர்டு ஃபோல்டரைத் திறந்தால், இதே கட்டளைகள் பின்னணியில் தானாகப் போகும். விண்டோஸில் இதைச் செய்வது 'எஸ்எம்பி'. 1980-களில் ஐபிஎம்மில் உருவானது. அதன் பழைய பதிப்பைக் கையாண்ட விண்டோஸ் மென்பொருளில் ஓட்டை இருந்தது. திட்டமிட்டுத் திரித்த கட்டளைகளை அனுப்பினால், பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே புகுந்துவிடலாம். ஒன்று சிக்கினால், அதே நெட்வொர்க்கில் ஓட்டை அடைக்காத மற்றவையும் சிக்கும்.

தடுத்திருக்க முடியாதா?

முடியும். மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லேயே அப்டேட் தந்துவிட்டது. ஆனால் ஆலைகளில் அப்டேட் போடுவது போனில் போடுவது மாதிரி இல்லை. ஓடும் லைனை நிறுத்தணும். அதனால்தான் தள்ளிப்போகிறது.

ஸ்ரீபெரும்புதூர் பகுதி சிறு நிறுவனங்களுக்கு என்ன பாடம்?

2022 மார்ச் 1-ல் ஜப்பானில் டொயோட்டாவின் 14 ஆலைகளும் நின்றன. தாக்கப்பட்டது டொயோட்டா இல்லை, அதற்கு உதிரிபாகம் தரும் ஒரு நிறுவனம். சப்ளையரின் சர்வர் படுத்தாலும் பெரிய ஆலையின் லைன் நிற்கும்.