வரி கட்டுகிறோம், வாசலை மிதிக்கிறோமா?



வீட்டுக்கோ கடைக்கோ நீங்கள் சொத்து வரி கட்டிய ரசீது கல்லாப் பெட்டியில் எங்காவது கிடக்கும். அதைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். வரித் தொகையோடு 'நூலக வரி' என்றும் ஒரு தொகை சேர்க்கப்பட்டிருக்கும். ரூபாய்க்குப் பத்துக் காசு. ஆயிரம் ரூபாய் வரி கட்டுகிறவர் நூலகத்துக்காக மேலும் நூறு ரூபாய் கட்டுகிறார். 1948ல் அன்றைய சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் வந்தது அதுவே முதன்முறை. அதன் பின்னணியில் உழைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அன்று முதல் நம் பாட்டனாரும் கட்டினார், தந்தையாரும் கட்டினார், நாமும் கட்டுகிறோம். புதுச்சத்திரம் கடைவீதியில் இந்த வரியைக் கட்டுகிற நம்மவர்களில் எத்தனை பேர் நூலகத்தின் வாசலை மிதித்திருக்கிறோம்? கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

"ஹஜ்ரத், நூலகத்தில் பழைய நாவலும் கிழிந்த பத்திரிகையும்தானே இருக்கும், வியாபாரிக்கு அங்கே என்ன வேலை?" என்று ஒரு பாய் என்னிடம் கேட்டார். அவருடைய கதையையே சொல்கிறேன், பெயர் வேண்டாம்.

நெடுஞ்சாலை ஓரத்தில் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது கணக்கு எழுதித் தரும் ஒருவரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்தார். பதிவுக்குக் கொடுத்த மின்னஞ்சல் அந்தக் கணக்கருடையது, கைப்பேசி எண்ணும் அவருடையதே. பாஸ்வேர்டு என்ன என்பது பாய்க்குத் தெரியாது. சில ஆண்டுகள் கழித்து இருவருக்கும் மனக்கசப்பு வந்தது. கடை இவருடையது, ஆனால் கடையின் கணக்குக்குள் இவரால் நுழைய முடியவில்லை! வரி அலுவலகத்துக்கு ஆவணங்களோடு அலைந்து, தானே உரிமையாளர் என்று நிரூபித்து, எண்ணை மாற்றிக் கொள்ள அவருக்கு எத்தனை நாள் வியாபாரம் கெட்டது தெரியுமா? வீட்டுச் சாவியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுத் திண்ணையில் படுத்த கதைதான்.

இது ஒருவரின் கதையா? பிரவுசிங் சென்டரில் போய் நில்லுங்கள். ஆதார் அட்டையை நீட்டுகிறோம், கைப்பேசிக்கு வருகிற ஓ.டி.பி.யை நாலு பேர் காதில் விழும்படி உரக்கப் படித்துக் காட்டுகிறோம். சிறுதொழில்களுக்கான 'உத்யம்' பதிவு 2020 ஜூலை 1ல் தொடங்கியது. 2021 ஜூலை முதல் சில்லறை, மொத்த வியாபாரிகளும் அதில் சேரலாம். அரசு இதற்கு ஒரு காசும் வாங்குவதில்லை. அந்த இலவசப் பதிவுக்கும் நூற்றுக்கணக்கில் கூலி கொடுத்துவிட்டு, பெரிய உதவி செய்தார் என்று துஆ செய்துவிட்டு வருகிறோம்!

தனிமனிதன் நஷ்டத்தோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. ஜமாஅத்தின் சொத்துக்கும் இதே நிலை வந்ததே! 2025 ஜூன் 6ல் மத்திய அரசு வக்ஃப் சொத்துக்களைப் பதிவதற்கு 'உமீத்' என்ற இணையதளத்தைத் திறந்தது. ஆறு மாதக் கெடு. அந்தச் சட்டத்தின் மீது நமக்குள்ள வாதம் தனி, அதை இங்கே பேச வரவில்லை. டிசம்பர் 1ல் உச்சநீதிமன்றம் பொதுவாகக் கெடுவை நீட்டிக்க மறுத்து, தேவைப்படுவோர் தீர்ப்பாயத்தை அணுகட்டும் என்றது. கடைசி வாரத்தில் நான் கண்ட காட்சி நெஞ்சை விட்டு அகலவில்லை. எழுபது வயது முத்தவல்லி ஒருவர், தாத்தா காலத்துப் பத்திரத்தை மஞ்சள் பைக்குள் வைத்துக் கொண்டு 'கம்ப்யூட்டர் தெரிந்த பையன்' எவனாவது கிடைப்பானா என்று இஷா தொழுகைக்குப் பிறகு தேடி அலைகிறார். இணையதளம் திணறியது உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய ஐந்து மாதமும் அந்த மஹல்லாவின் இளைஞர்கள் எங்கே இருந்தார்கள்? ஒவ்வொருவர் கையிலும் இருபதாயிரம் ரூபாய்க் கைப்பேசி! பத்திரத்தை ஸ்கேன் செய்து, அளவைக் குறைத்து, கோப்பாகச் சேமிக்க ஒருவருக்கும் தெரியவில்லை.

"நமக்கு இதெல்லாம் வராது" என்று சொல்லாதீர்கள். நாமக்கல் மண்டலத்தின் முட்டை விலை இன்று என்ன என்று காலையில் கைப்பேசியில் பார்க்காத முட்டை வியாபாரி உண்டா? அதைப் பார்க்கத் தெரிந்த கைக்கு மற்றதும் வரும். இந்த எளியவனும் மதரஸாவில் அரபு இலக்கணத்தோடு நின்றவன்தான். நாற்பதைத் தாண்டிய பிறகே கீபோர்டில் கை வைத்தேன். முதல் வாரம் மவுஸ் ஓரிடத்தில் நிற்கவில்லை. என் மகன் வயதுப் பிள்ளைகள் சிரித்தார்கள். மூன்றாவது வாரத்தில் ஜமாஅத் கடிதத்தை நானே தமிழில் தட்டச்சு செய்தேன். 1999ல் தமிழக அரசு அறிவித்த 'தமிழ்99' விசைப்பலகை நாம் நினைப்பதைவிட எளிது.

கற்க வேண்டியதும் மலை அளவு இல்லை. உங்கள் பெயரில் உங்களுக்கே சொந்தமான ஒரு மின்னஞ்சல், அதன் பாஸ்வேர்டு உங்கள் நினைவில் மட்டும். ஒரு படிவத்தை நிரப்புவது, கோப்பைச் சேமிப்பது, மீண்டும் தேடி எடுப்பது. அரசின் உண்மையான தளத்துக்கும் அதைப்போல் வேடமிட்ட போலித் தளத்துக்கும் உள்ள வேறுபாட்டை முகவரியைப் பார்த்து அறிவது. பொதுக் கணினியில் வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு எழுவது. வங்கிக் கணக்கை மட்டும் பொதுக் கணினியில் திறக்கவே வேண்டாம்.

எங்கே பழகுவது? மாவட்ட மைய நூலகம் நாமக்கல்லில் இருக்கிறது. நகராட்சிகளில் 'நூலகம் மற்றும் அறிவுசார் மையம்' என்ற பெயரில் கணினிகளோடு புதிய கட்டடங்கள் எழுந்துள்ளன. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அங்கே காலையிலேயே இடம் பிடித்து விடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் நம் பிள்ளைகளின் தலை தெரிய வேண்டாமா? நம் பெண் பிள்ளைகளும் போகட்டும், தடுக்காதீர்கள்.

உட்கார்ந்தால் திறக்கிற கதவுகள் பல. 2001ல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய தமிழ் நூல்களும் இதழ்களும் இலவசம். நாட்டுடைமையாக்கப்பட்ட நம் நாமக்கல் கவிஞரின் எழுத்துக்களைக் காசு கொடுக்காமல் வாசிக்கலாம். கரக்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கி 2018 ஜூனில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட தேசிய மின்நூலகத்தில் பள்ளிப் பாடம் முதல் ஆராய்ச்சி வரை கிடைக்கிறது. தமிழகப் பாடநூல்கள் எல்லா வகுப்புக்கும் இணையத்தில் உள்ளன. இலங்கைத் தமிழர்கள் 2005ல் தொடங்கிய 'நூலகம்' தளத்தில் அங்குள்ள முஸ்லிம்களின் நூல்களும் இதழ்களும் சேர்ந்துள்ளன. 1981ல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான மண்ணின் பிள்ளைகள் அவர்கள். நம் வீட்டுப் பரணில் கரையான் அரிக்கும் அரபுத்தமிழ்க் கிதாபுகளை யார் ஸ்கேன் செய்யப் போகிறார்கள்?

நூலகத்துக்குப் போனால் கணினி பழுது என்பார்கள், இணைய இணைப்பு இல்லை என்பார்கள். திரும்பி வந்துவிடாதீர்கள். மாவட்ட நூலக அலுவலருக்கு எழுத்தில் மனு கொடுங்கள். நம்மிடம் நூலக வரி வசூலித்த உள்ளாட்சி, அதை மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்தியதா? வசூலித்துவிட்டுப் பாக்கி வைத்த உள்ளாட்சிகள் தமிழகத்தில் உண்டு. 2005ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்டால் முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். புதுச்சத்திரம் இளைஞர்கள் நால்வர் சேர்ந்து இந்த மனுவை எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள், சேர்ந்தே தட்டச்சு செய்வோம். நூலகத்தின் வாசகர் வட்டத்திலும் பெயரைக் கொடுத்து வையுங்கள்.

ஒரு செய்தியை மறந்துவிடாதீர்கள். ஜும்ஆவுக்காகக் கடையை அடைக்கும் வெள்ளிக்கிழமையில் போகலாம் என்று நினைப்பீர்கள். கிளை நூலகங்களுக்கு வார விடுமுறையே வெள்ளிக்கிழமைதான், இரண்டாம் சனிக்கிழமையும் திறக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள்.