உலகக் கிண்ணியும் ஊர்ச் சைக்கிளும்

ஈச்சிலம்பற்றில் பெண்பிள்ளைகள் சைக்கிள் மிதிப்பதை எவரும் விளையாட்டாகக் கருதுவதில்லை. பாடசாலைக்கும் கடைக்கும் போய்வரும் வழி அது, அவ்வளவுதான். இவர்களில் ஒருத்தி சாம்பியனாக முடியாதா என்று கேட்டால் நம்மவர் சிரிப்பர். வேல்ஸ் நாட்டு நிக்கோல் குக்கின் கதையை அறிந்தவர்கள் அவ்வாறு சிரிக்கமாட்டார்கள்.

குக் சிறுமியாக இருந்தபோது, பிரித்தானியாவில் பெண்பிள்ளைகளுக்கெனத் தேசியத் தடப்போட்டிகளே இருக்கவில்லை. அவரும் தந்தையாரும் சங்கத்தை விடாது வலியுறுத்தினர். பதினாறாம் வயதில், 1999இல், பெரியவர்களுக்கான தேசிய வீதிப் பட்டத்தையே அவர் வென்றார். 2004இல் இத்தாலியச் சுற்றோட்டம். 2006, 2007இல் பிரான்சின் பெண்கள் சுற்றோட்டம். 2008 ஆகஸ்ட் 10ஆம் நாள் பீஜிங்கில் கொட்டும் மழையில் ஒலிம்பிக் தங்கம்; அடுத்த மாதமே வரேசேயில் உலகப் பட்டம். இவ்விரண்டையும் ஒரே ஆண்டில் வென்றவர் ஆண்களிலும் அதற்கு முன்னர் எவரும் இலர்.

அத்தகையவர், பேசிய சம்பளத்தைத் தராத அணிகளுடன் வழக்காட வேண்டியிருந்தது. 2013 ஜனவரியில், 29 வயதில் விலகியபோது அதனையும் ஊக்கமருந்து வணிகத்தையும் அவர் பகிரங்கமாகச் சாடினார். உலகமோ அந்த வாரம் ஆம்ஸ்ட்ரோங்கின் தொலைக்காட்சி ஒப்புதலையே பார்த்துக்கொண்டிருந்தது! ஏமாற்றியவனுக்குக் கிடைத்த செவி, ஏமாற்றாதவளுக்குக் கிடைக்கவில்லை. முதல்தரப் பெண்கள் அணிகளில் ஆகக்குறைந்த சம்பளம் விதியானது 2020இல்தான். ஆண்டுக்கு 15,000 யூரோ. 2022இல் புத்துயிர் பெற்ற பிரான்ஸ் பெண்கள் சுற்றோட்டத்தின் முதற்பரிசு 50,000 யூரோ. ஆண்களுக்கோ 5 இலட்சம்.

வேல்ஸ் எங்கே, வெருகல் எங்கே என்று கேட்பது நியாயமே. குக் பிரான்சில் வென்ற அதே 2006இல் ஈச்சிலம்பற்று மக்கள் போரினால் இடம்பெயர்ந்து வாகரைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தனர். அந்த இழப்பைப் பதக்கக் கனவு கொண்டு மூடிவிட முடியாது. ஆயினும் முன்னர் படகுப் பாதைக்குக் காத்துக்கிடந்த திருகோணமலை–மட்டக்களப்பு வீதியில் இன்று பாலங்கள் உண்டு. வீதி இருக்கிறது, சைக்கிள் இருக்கிறது, கால்களில் வலுவும் இருக்கிறது. இல்லாதது போட்டி. குக்கிற்கும் முதலில் இல்லாமல் இருந்தது அதுவே.

நமது சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாக்களில் ஆண்களுக்குச் சைக்கிள் ஓட்டம். பெண்களுக்குப் பெரும்பாலும் மெதுவான சைக்கிள் ஓட்டம். கடைசியில் வருபவளே வெற்றியாளர்! இதனை வேடிக்கை என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. புலம்பெயர்ந்த ஊர்ச்சங்கங்கள் கோயில் கோபுரத்துக்கு அனுப்பும் நிதியில் சிறுபகுதியை, வெருகல் வீதியில் பாடசாலை மாணவியர்க்கான ஓர் ஓட்டத்திற்கு ஒதுக்கலாம். அரைநாள் வீதி மறிக்கப் பொலிஸ் அனுமதி, முதலுதவிக்கு ஆள், விரும்பியவருக்கெல்லாம் தலைக்கவசம், பெரிய செலவில்லை. பரிசுப்பணம் ஆண்களுக்குரிய அதே தொகையாக, அன்றைக்கே கையில் கிடைக்கவேண்டும். எவர்சில்வர் பாத்திரம் வேண்டாம். டயரும் டியூப்பும் கொடுங்கள்.