ஒரே விமானத்தை இரண்டு கம்பெனிகள் செய்வானேன்?

போட்டி இருந்தால்தான் சரக்கு தரமாக இருக்கும், விலையும் குறையும் என்று முதலாளித்துவத்தின் ஆஸ்தான புலவர்கள் ஓயாமல் பாடி வருகிறார்கள். இந்தப் பாட்டின் யோக்கியதையை அறிய வேண்டுமா, தோழர்களே? அமெரிக்க விமானக் கம்பெனிகளின் கதையைக் கேளுங்கள். நம்மில் பெரும்பாலோர் விமானத்தில் கால் வைத்தவர்களல்ல. அதனாலென்ன? நூலுக்கு ஒரு நியாயம், விமானத்துக்கு ஒரு நியாயம் என்று மூலதனத்துக்குக் கிடையாது.

1966-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் என்ற போக்குவரத்துக் கம்பெனி, சுமார் 250 பேர் ஏறக்கூடிய அகலமான விமானம் வேண்டும் என்று கேட்டது. டக்ளஸ், லாக்ஹீட் என்ற இரண்டு உற்பத்திக் கம்பெனிகளும் பாய்ந்து இறங்கின. டக்ளஸின் டி.சி.10 விமானம் 1970 ஆகஸ்டில் பறந்தது. லாக்ஹீடின் டிரைஸ்டார் அதே ஆண்டு நவம்பரில் பறந்தது. கிட்டத்தட்ட ஒரே அளவு. இரண்டிலும் இறக்கைக்கு ஒன்று, வாலில் ஒன்று என மூன்று எஞ்சின்கள். இரண்டையும் பூட்டிய கூடங்களும் ஒரே லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்தில்தான்!

ஒரே விமானத்துக்கு இரண்டு தடவை படம் வரைந்து, இரண்டு தடவை அச்சுக் கட்டி, இரண்டு தடவை சோதனை செய்வானேன்? முதல் விமானம் விலை போகுமுன்பே மலை மலையாகப் பணம் போய்விடும். நூற்றுக்கணக்கில் விற்றால்தான் அது திரும்பும். சந்தையோ ஒருவருக்கு மட்டுமே போதும். இது இரு முதலாளிகளுக்கும் தெரியாததல்ல. ஆனால் ஒருவன் ஒதுங்கினால் வாடிக்கை மற்றவனுக்குப் போய்விடும். விமானி பழகியது, மெக்கானிக் பழகியது, உதிரிப் பாகம் எல்லாம் அந்தக் கம்பெனியோடு கட்டுண்டுவிடும். இருபது, முப்பது வருஷத்துக்கு வாடிக்கை திரும்பாது. ஆகவே நஷ்டம் என்று தெரிந்தே இருவரும் குதிக்கிறார்கள். விமானம் வாங்குகிற கம்பெனிகளோ ஒருவனைக் காட்டி மற்றவனிடம் விலையைக் குறைத்துக்கொள்கின்றன. இரண்டு மில்கள் ஒரே நம்பர் நூலைக் குவித்தால் கடைசியில் லே-ஆப் யார் தலையில் விடியும் என்று ஆலைத் தொழிலாளிக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

விளைவு என்ன? டிரைஸ்டாருக்கு எஞ்சின் செய்த பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ் 1971 பிப்ரவரியில் திவாலாயிற்று. அதை அரசுடைமையாக்கியது யார் தெரியுமா? தனியார் தொழிலே தெய்வம் என்ற கன்சர்வேடிவ் சர்க்கார்! லாக்ஹீடும் தள்ளாடியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அதன் 25 கோடி டாலர் கடனுக்கு அமெரிக்க அரசாங்கம் ஜாமீன் நின்றது. செனட்டில் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் அது நிறைவேறியது. லாபம் வந்தால் தனியுடைமை, நஷ்டம் வந்தால் பொதுவுடைமை! ஜப்பானில் டிரைஸ்டாரை விற்க லாக்ஹீட் கொடுத்த லஞ்சம் 1976-ல் அம்பலமாகி, மாஜிப் பிரதமர் தனாகா கைதானார். இத்தனை செய்தும் மொத்தம் செய்தது 250 விமானங்கள்தான். 1981-ல் அதைக் கைகழுவுவதாக லாக்ஹீட் அறிவித்தது.

பணம் போனது போகட்டும். உயிர் போன கணக்கைப் பாருங்கள். 1972 ஜூனில் டி.சி.10 ஒன்றின் சரக்குக் கதவு நடுவானில் பிய்த்துக்கொண்டது. விமானியின் திறமையால் எல்லோரும் பிழைத்தார்கள். கதவைத் திருத்தும்படி பகிரங்கமாகக் கட்டாய உத்தரவு போட்டிருக்க வேண்டும். போட்டால், போட்டியாளன் எதிரே நிற்கும்போது விற்பனை என்னாவது? அரசாங்க இலாகாத் தலைவரும் கம்பெனித் தலைவரும் ‘கனவான்கள் ஒப்பந்தம்’ செய்து முடித்துக்கொண்டார்கள். இது பேரழிவில் முடியும் என்று ஓர் எஞ்சினியர் எழுதிய எச்சரிக்கை பெட்டிக்குள் தூங்கியது. 1974 மார்ச் 3-ம் தேதி பாரிஸ் அருகே அதே கதவு மீண்டும் பிய்ந்தது. 346 பேர் மாண்டார்கள்.

பழங்கதை என்பீர்களோ? 2010 டிசம்பரில் ஐரோப்பாவின் ஏர்பஸ் கம்பெனி தன் பழைய விமானத்தில் சிக்கனமான புது எஞ்சினைப் பூட்டி விற்கப் புறப்பட்டது. அமெரிக்காவின் போயிங் அப்போது முற்றிலும் புதிய விமானம் பற்றி யோசித்துக்கொண்டிருந்தது. பழைய வாடிக்கையான அமெரிக்கன் ஏர்லைன்ஸே 2011-ல் ஏர்பஸ் பக்கம் திரும்பவும், யோசனை பறந்தது! 1967-ல் முதன்முதலாகப் பறந்த 737-ன் உடம்பிலேயே பெரிய எஞ்சினைப் பூட்டி ‘மேக்ஸ்’ என்று பெயரிட்டது. எஞ்சினை முன்னே தள்ளிப் பொருத்தியதால் விமானத்தின் குணம் மாறிற்று. அதைச் சமாளிக்க, மூக்கைத் தானாகவே கீழே அழுத்தும் ஓர் ஏற்பாட்டை உள்ளே வைத்தார்கள். விமானிகளின் கையேட்டில் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஏன்? விமானிகளுக்குப் பயிற்சி யந்திரத்தில் புதிதாகப் பயிற்சி தேவைப்பட்டால் விமானம் ஒன்றுக்கு 10 லட்சம் டாலர் தள்ளுபடி தருவதாக ஒரு வாடிக்கைக் கம்பெனியிடம் போயிங் ஒப்பந்தம் செய்திருந்தது!

ஒரே ஒரு கருவி காட்டிய தப்பான அளவை நம்பி அந்த ஏற்பாடு மூக்கை அழுத்தியது. 2018 அக்டோபரில் இந்தோனேஷியாவில் 189 பேர். 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் 157 பேர். கூட்டிப் பாருங்கள், மறுபடியும் 346.

2019 டிசம்பரில் போயிங் தன் தலைமை அதிகாரியை வெளியேற்றியது. அவர் 6 கோடி டாலருக்கு மேல் எடுத்துக்கொண்டு போனார்.