ஆலைக்குப் பணம் உண்டு, ஆய்வுக்கு?

2025ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் மத்திய அமைச்சரவை ஒரு இலட்சம் கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கம் ஆகியவற்றுக்கான நிதி என்று அதற்குப் பெயர். நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் 0.64 விழுக்காட்டை மட்டுமே ஆராய்ச்சிக்குச் செலவிடும் நாடு நம்முடையது (2020-21ஆம் ஆண்டின் கணக்கு இது). தென் கொரியா 4 விழுக்காட்டுக்கும் மேல் செலவிடுகிறது. ஆகவே இந்தச் செய்தியைக் கேட்டு நாம் மகிழ்ந்ததில் வியப்பில்லை.

ஆனால் செய்தியை இறுதிவரை படித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். இந்தப் பணம் பல்கலைக்கழகங்களுக்கு மானியமாகச் செல்வதன்று. தனியார் நிறுவனங்களுக்கு நீண்ட காலக் கடனாகவும் பங்கு முதலீடாகவும் செல்வது. அதுவும் ஆய்வகத்தில் ஓரளவு தேறி, சந்தையை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்ட தொழில்நுட்பங்களுக்கே. இன்னும் தவழ்ந்துகொண்டிருக்கும் ஆய்வுகளுக்கு 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறதே என்று சொல்லலாம். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு 50,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். அதில் ஏறக்குறைய 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வரவேண்டிய பணம். அரசு தருவது 14,000 கோடி.

டெல்லியில் நடக்கும் இந்தக் கணக்குக்கும் கொங்கு நாட்டுக்கும் என்ன தொடர்பு? கோவை ஆர்.எஸ்.புரத்திலிருந்து பார்த்தால் தொடர்பு நன்றாகவே தெரியும். உயிரிப்பொருள் என்று இன்று அறிஞர்கள் அழைக்கும் கரும்புச் சக்கை, தென்னை நார்க்கழிவு, மரத்தூள், சாணம், கோழி எரு, பருத்திமார் ஆகியவை மலைபோல் குவியும் பகுதி இது. அவற்றை எரிசக்தியாகவும் காகிதமாகவும் பலகையாகவும் மாற்றுவதற்கான பொது ஆய்வு நிறுவனங்களும் இங்கேயே இருக்கின்றன. ஆர்.எஸ்.புரத்தின் கௌலி பிரவுன் சாலையில் 1988 முதல் வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனம் இயங்குகிறது. அருகிலேயே லாலி சாலையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். வீரகேரளத்தில் கரும்பு இனப்பெருக்க நிறுவனம்.

இந்த மூன்றில் மூத்தது கரும்பு நிறுவனம். 1912இல் தொடங்கப்பட்டது. வட இந்தியாவில் அன்று விளைந்த கரும்பு மெலிந்தது, சாறும் குறைவு. நம் தென்னாட்டுக் கரும்போ குளிரையும் வறட்சியையும் தாங்காது. சார்லஸ் பார்பரும், பின்னர் டி.எஸ்.வெங்கட்ராமனும் செய்த வேலை அக்காலத்தில் பலருக்கு விந்தையாகத் தோன்றியிருக்கும். ‘வெள்ளை’ என்னும் நாட்டுக் கரும்பைக் கோவைப் பகுதியில் தானாக முளைத்துக் கிடந்த காட்டுக் கரும்போடு கலந்தார்கள். களை என்று வெட்டி எறியப்பட்ட புல் அது. 1918இல் கோ 205 என்னும் வகை வெளிவந்தது. அதன் வழிவந்த கோவைக் கரும்புகள் வட இந்தியாவின் வயல்களை மாற்றின. கடல் கடந்தும் சென்றன. இன்று அதே நிறுவனம் சர்க்கரையைவிட நாரை மிகுதியாகத் தரும் எரிசக்திக் கரும்பு வகைகளையும் உருவாக்கியிருக்கிறது. அந்தக் காட்டுக் கரும்பின் நார்த்தன்மை நூறாண்டுக்கு முன் குறையாக இருந்தது. இன்று அதுவே வேண்டப்படுகிறது. களைக்கும் கரும்புக்கும் திருமணம் செய்து வைக்க எந்த வங்கி 1912இல் கடன் கொடுத்திருக்கும்?

கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தைப் பலர் அறிவோம். 1979இல் மாநில அரசு உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கியது. மரத்தை மட்டும் நம்பாமல் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்வது அதன் நோக்கம். சொல்வது எளிது. சர்க்கரை ஆலை ஆண்டில் சில மாதங்கள்தான் ஓடும். காகித ஆலை ஆண்டு முழுவதும் ஓட வேண்டும். ஆகவே சக்கையை அழுகாமல் சேமிக்க வேண்டும். காகிதத்துக்கு உதவாத சோற்றைப் பிரித்தெடுக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் இருந்தது. சர்க்கரை ஆலைகள் சக்கையைத் தங்கள் கொதிகலனில்தான் எரித்துவந்தன. ‘உங்கள் சக்கையை எங்களுக்குக் கொடுங்கள், அதற்கு ஈடாக நிலக்கரியும் கொதிகலனும் நாங்கள் தருகிறோம்’ என்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். பண்டமாற்று! அந்த ஆலை ஆண்டுக்கு ஏறக்குறைய 10 இலட்சம் டன் சக்கையைப் பயன்படுத்தும் அளவுக்கு வளர்ந்தது. சக்கையைக் கழுவிய நீரிலிருந்து மீத்தேன் வாயு எடுத்து, சுண்ணாம்புச் சூளையில் உலை எண்ணெய்க்குப் பதிலாக எரிக்கும் ஏற்பாடும் 2003இல் வந்தது.

மரக்கூழுக்கும் வழி காணப்பட்டது. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி 2008 முதல் தேசிய வேளாண் புத்தாக்கத் திட்டத்தின் நிதியில் விவசாயிகளையும் காகித ஆலைகளையும் ஒன்றாக அமரவைத்தது. சவுக்கு, தைல மரம், மலைவேம்பு ஆகியவற்றில் விரைந்து வளரும் வகைகளைத் தேர்ந்தெடுத்துக் கன்றுகளாக்கித் தந்தார்கள். ஆர்.எஸ்.புரம் நிறுவனமும் சவுக்கில் கலப்பின வகைகளை வெளியிட்டது. ஆனால் கன்றைவிடப் பெரிய கண்டுபிடிப்பு ஒப்பந்தம்தான் என்று நமக்குத் தோன்றுகிறது. விவசாயி, ஆலை, ஆய்வு நிறுவனம், வங்கி ஆகிய நான்கு தரப்பும் கையெழுத்திட்டு, மரத்துக்குக் குறைந்தபட்ச விலையை முன்கூட்டியே உறுதி செய்தார்கள். மரம் வெட்டும் நாளில் விலை இடிந்து விழுமோ என்ற அச்சம் குறைந்ததால்தான் விவசாயி கன்றை நட்டார். இதையும் ஆராய்ச்சி என்றே சொல்லவேண்டும். ஆனால் இதற்குக் காப்புரிமை கிடையாது; இலாபமும் கிடையாது.

அதே மேட்டுப்பாளையத்துக்கு அருகில் ஓடந்துறை ஊராட்சி. 1996 முதல் 2006 வரை தலைவராக இருந்த ஆர்.சண்முகம் காலத்தில் இந்த ஊர் நாடறிந்தது. குடிநீர் இறைக்கும் மின்கட்டணத்தைக் குறைக்க 2003இல் 9 கிலோவாட் திறனுள்ள விறகுவாயுக் கலன் ஒன்றை நிறுவினார்கள். மரத்துண்டுகளைக் குறைந்த காற்றில் எரித்தால் எரியக்கூடிய வாயு கிடைக்கும். அதைக்கொண்டு என்ஜினை ஓட்டலாம். ஓடியது, செலவும் குறைந்தது. ஆனால் ஊராட்சி அதோடு நிற்கவில்லை. 2006இல் 1.55 கோடி ரூபாயில், பெரும்பகுதி வங்கிக் கடனாக, உடுமலைப் பக்கம் மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. ஊரின் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது.

ஏன் காற்றின் பக்கம் திரும்பினார்கள்? விறகுவாயுக் கலன் வைத்த ஊர்களின் அனுபவம் பெரும்பாலும் ஒன்றுதான். விறகை ஒரே அளவாக நறுக்க வேண்டும், காயவைக்க வேண்டும், வாயுவோடு வரும் தார் என்ஜினை அடைக்காமல் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நேற்றுவரை சும்மா கிடைத்த மரக்கழிவுக்கு யாரோ ஒருவருக்குத் தேவை வந்ததும் விலை வந்துவிடுகிறது. காற்றுக்கு அப்படி யாரும் விலை வைக்க முடியாது. கலனைக் கொடுக்க மானியம் இருந்தது. கலன் ஓடத் தொடங்கியபின் ஐந்தாண்டுகள் கூடவே இருந்து, தாருக்கும் விறகு விலைக்கும் தீர்வு காண ஒரு ஆய்வாளரை அனுப்பப் பணம் இருந்ததா? சாண எரிவாயுக் கலன்களின் கதையும் இதுவே. 1981-82இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் நம் தோட்டத்து வீடுகளில் கட்டியவற்றுள் எத்தனை இன்று எரிகின்றன என்று வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம். மாடு குறைந்தது, கலனும் அணைந்தது.

இப்போது நடப்புத் திட்டங்களுக்கு வருவோம். வைக்கோல், சக்கை போன்றவற்றிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலைகளுக்கு உதவ 2019இல் பிரதமர் ஜீவன் திட்டம் வந்தது. ஒதுக்கீடு 1,969.50 கோடி. இதில் 1,800 கோடி வணிக ஆலைகளுக்கு, 150 கோடி மாதிரி ஆலைகளுக்கு, எஞ்சியது நிர்வாகத்துக்கு. 2022 ஆகஸ்டில் பானிப்பட்டில் ஏறக்குறைய 900 கோடி செலவில் ஆலை திறக்கப்பட்டது. 12 வணிக ஆலைகள் என்று தொடங்கிய திட்டம் குறித்த காலத்தில் முடியவில்லை. 2024இல் அதன் காலத்தை 2028-29 வரை நீட்டினார்கள். தேசிய உயிரி எரிசக்தித் திட்டம் 2022இல் அறிவிக்கப்பட்டது. முதற்கட்டம் 858 கோடி. அதுவும் பெரும்பாலும் ஆலைகளுக்கான நிதியுதவியே. 2018இல் தொடங்கிய சதத் திட்டத்தின் இலக்கு 2023க்குள் 5,000 அழுத்த எரிவாயு ஆலைகள். 2025இலும் எண்ணிக்கை நூற்றைச் சுற்றியே நின்றது.

இவற்றை எள்ளி நகையாட நாம் எழுதவில்லை. அறிவியலே கடினமானது. அமெரிக்கா 2007இல் சட்டம் போட்டு, 2022க்குள் ஆண்டுக்கு 1,600 கோடி காலன் செல்லுலோஸ் எரிபொருள் என்றது. அதன் அருகில்கூட வரமுடியவில்லை. ஆனால் அதே 2007இல் அவர்களின் எரிசக்தித் துறை உயிரி எரிசக்தி ஆய்வு மையங்களைத் தொடங்கி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மதிப்பிட்டு, நிதியைத் தொடர்ந்து புதுப்பித்து வந்தது. இலக்கு தவறியபோதும் ஆய்வு நிற்கவில்லை. நம் நாட்டில் உயிரித் தொழில்நுட்பத் துறையின் நிதியில் மும்பையில் உருவான எத்தனால் தொழில்நுட்பம் 2016இல் காசிப்பூரில் மாதிரி ஆலையாக நின்றதும் பொதுப் பணத்தின் விளைவுதான். அந்த வழியில் இன்னும் பல அடிகள் நடக்க வேண்டியிருக்கிறது.

மத்திய அரசின் மதிப்பீட்டின்படி நாட்டில் ஆண்டுக்கு 75 கோடி டன் வேளாண் கழிவு உண்டாகிறது, அதில் 22.8 கோடி டன் உபரி. இந்த ‘உபரி’ என்ற சொல்லைக் கேட்டால் காங்கேயத்து விவசாயி சிரிப்பார். சோளத்தட்டும் கடலைக்கொடியும் கழிவா? அது மாட்டின் கோடைக்காலச் சோறு. பருத்திமார் இன்னும் சில வீடுகளின் அடுப்பு. ஆலை வந்து விலை கொடுத்தால் விற்கவும் செய்வார்கள். அப்போது மாட்டுக்கு என்ன போடுவது, வயலுக்கு என்ன திரும்பும் என்ற கேள்வி யாருடைய திட்ட அறிக்கையிலாவது இருக்கிறதா?

பொள்ளாச்சியைப் பாருங்கள். ஒரு காலத்தில் நார் மில்களின் ஓரத்தில் நார்க்கழிவு குன்றுகளாகக் கிடந்தது. 1980களில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் சிப்பிக் காளானைக் கொண்டு அதை மட்கவைத்து எருவாக்கும் முறையைக் கண்டார்கள். இன்று அது கட்டிகளாகி ஐரோப்பாவின் பசுமைக்குடில்களுக்குக் கப்பலேறுகிறது. நல்ல செய்தி. ஆனால் உப்பு நீங்க அதைக் கழுவ வேண்டும். கழுவிய பழுப்பு நீர் எங்கே போகும்? 2021 நவம்பரில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இத்தொழிலை வெள்ளைப் பட்டியலிலிருந்து ஆரஞ்சுப் பட்டியலுக்கு மாற்றியபோது மில் உரிமையாளர்கள் கொதித்தார்கள். கிணறு வைத்திருப்போர் நிம்மதி அடைந்தார்கள். காங்கேயம் பக்கம் தொட்டிக்கரி ஆலைகளைப் பற்றியும் இதே முறையீடு பல ஆண்டுகளாக உண்டு. எங்கோ ஒரு நகரத்தின் குடிநீரை வடிகட்டப் போகும் கரி, இங்கே ஒருவரின் கிணற்றைக் கெடுக்கிறது. குறைந்த செலவில், சிறிய மில்லுக்கு ஏற்றபடி இந்தக் கழிவுநீரைத் துப்புரவு செய்யும் முறையைக் கண்டறிய எந்தத் தனியார் நிறுவனம் கடன் கேட்டு விண்ணப்பிக்கும்? அதில் இலாபம் பார்க்க ஆளில்லை. சேலம், நாமக்கல் பகுதிச் சேகோ ஆலைகளின் மரவள்ளிக் கழிவுநீருக்கும் இதுவே நிலை.

நமக்குத் தோன்றுவது இதுதான். தேசிய உயிரி எரிசக்தித் திட்டத்தின் முதற்கட்டம் 2025-26 நிதியாண்டு வரைக்கும் வகுக்கப்பட்டது. அதைத் தொடரும் கட்டங்களில் ஒரு சிறு பங்கை, 5 விழுக்காடு போதும், ஆலைக்கு என்று இல்லாமல் ஆய்வுக்கு என்றே ஒதுக்கலாம். எந்த வட்டாரத்தில் எந்தக் கழிவு எந்த மாதத்தில் கிடைக்கிறது, இப்போது அதை யார் பயன்படுத்துகிறார்கள், விலை ஏறினால் யாருக்கு இழப்பு, ஓடிக்கொண்டிருக்கும் கலன்கள் ஏன் நிற்கின்றன என்பதை வேளாண் அறிவியல் நிலையங்கள் ஆண்டுதோறும் கணக்கெடுத்து வெளியிட வேண்டும். சிறு மில்களின் கழிவுநீரைக் கோவை நிறுவனங்கள் கையில் எடுக்க வேண்டும். 858 கோடியில் 5 விழுக்காடு என்றால் ஏறக்குறைய 43 கோடி. ஜீவன் திட்டத்தில் ஒரே ஒரு வணிக ஆலைக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச உதவித்தொகை 150 கோடி.