பெட்ரோல் பில் மட்டும் போதாது! வரியில் வண்டிச் செலவைக் காப்பாற்றுவது ஒரு நோட்டுப் புத்தகம்தான்

சென்னை:

வருமான வரி கணக்கு கொடுக்கும் காலம் வந்தால் ஆடிட்டர் ஆபீஸ் மேஜையில் ஒரு பிளாஸ்டிக் பை வந்து விழும். உள்ளே ஒரு வருடத்து பெட்ரோல் பில்கள். பாதிக்கு மேல் எழுத்தே இருக்காது. வெறும் வெள்ளைத் தாள்!

பங்க்கில் மெஷின் கக்கும் பில் சூட்டில் அச்சாகும் காகிதம். சட்டைப்பையில் சில மாதம் கிடந்தால் எழுத்து பறந்துவிடும்.

"பெட்ரோல் போட்டது நிஜம் சார். எப்படியாவது கழிச்சு விட்டுடுங்க" என்பார் பையைக் கொண்டுவந்தவர்.

கழிக்கலாமா? சொந்தத் தொழில் செய்து சொந்த வண்டியில் சுற்றும் எல்லோருக்கும் உள்ள கேள்வி இது.

சட்டம் என்ன சொல்கிறது?

முழுக்க முழுக்க தொழிலுக்காகச் செலவழித்த பணத்தை வருமானத்தில் கழிக்கலாம். அதே வண்டி வீட்டு வேலைக்கும் ஓடினால் தொழிலுக்கு ஓடிய பங்கை மட்டும் கழிக்கலாம். 1961-ம் ஆண்டு சட்டத்தில் இருந்த விதி இது. 2026 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் பிரிவு எண்கள்தான் மாறின. விதி மாறவில்லை.

"புதிய வரி முறைக்குப் போனா எந்தக் கழிவும் கிடையாதே" என்று கடைத்தெருவில் ஒரு பேச்சு உண்டு. அது பாதிதான் உண்மை. சேமிப்பு, இன்சூரன்ஸ் பிரீமியம் போன்ற கழிவுகள்தான் போயின. தொழில் செலவு இரண்டு முறையிலும் உண்டு.

யாருக்குக் கிடையாது?

சிறு வியாபாரிகளுக்கு ஒரு சுலப வழி இருக்கிறது. வருட விற்பனை 2 கோடி ரூபாய்க்குள் இருந்தால் (ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 3 கோடி வரை) விற்பனையில் 8 சதவீதத்தை லாபம் என்று காட்டிவிட்டுப் போகலாம். பாங்கி, யு.பி.ஐ. வழியாக வந்த பணத்துக்கு 6 சதவீதம் போதும். கணக்குப் புத்தகம் எழுத வேண்டாம்.

ஆனால் அந்த வழியில் போனவர் பெட்ரோல் பில்லையும் நீட்ட முடியாது. 100 ரூபாய் விற்பனையில் 8 ரூபாய் லாபம் என்றால், மீதி 92 ரூபாயிலேயே பெட்ரோல், டயர், தேய்மானம் எல்லாம் அடங்கிவிட்டது என்று அர்த்தம்.

மாட்டிக்கொள்வது கமிஷன் ஏஜெண்டுகளும் தரகர்களும்தான். அவர்களுக்கு இந்தச் சுலப வழி கிடையாது. வரவு, செலவு இரண்டையும் காட்டியே ஆக வேண்டும். காலை முதல் இரவு வரை வண்டியிலேயே பிழைப்பு நடத்துகிறவர்களும் அவர்களே!

கணக்கு இப்படி!

ஒரு தரகரின் கார் வருடத்தில் 12 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடியது என்று வைத்துக்கொள்வோம். அதில் தொழிலுக்கு ஓடியது 9 ஆயிரம். அதாவது முக்கால் பங்கு. பெட்ரோல், சர்வீஸ், இன்சூரன்ஸ் சேர்த்து செலவு 1 லட்சத்து 60 ஆயிரம் என்றால், கழிக்கக் கூடியது 1 லட்சத்து 20 ஆயிரம்.

இது தவிர தேய்மானம் உண்டு. காருக்கு ஆண்டுக்கு 15 சதவீதம். 8 லட்ச ரூபாய் காருக்கு முதல் வருடம் 1 லட்சத்து 20 ஆயிரம். அதிலும் முக்கால் பங்கு, 90 ஆயிரம்தான் கிடைக்கும். வாங்கிய வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாக ஓட்டியிருந்தால் அதுவும் பாதியாகிவிடும்.

கார் கடன் தவணை முழுவதையும் செலவு என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தப்பு. வட்டியில் தொழில் பங்கு மட்டுமே செலவு. அசல் செலவு ஆகாது.

சிக்னலைத் தாண்டி போலீசாரிடம் கட்டிய அபராதம்? அதுவும் ஆகாது. குற்றத்துக்குக் கட்டிய பணத்தைத் தொழில் செலவாகச் சட்டம் ஏற்பதில்லை.

இன்னொரு கண்ணியும் உண்டு. ஒரே நாளில் ஒருவருக்கு 10 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு பொதுவாகத் தள்ளுபடி. ஒர்க்‌ஷாப்பில் 14 ஆயிரம் ரூபாயை நோட்டாக எண்ணிக் கொடுத்தவருக்கு 14 ஆயிரமும் போச்சு! பாங்கி வழியாகக் கொடுத்திருந்தால் தப்பியிருக்கும்.

அபராதம் இரட்டிப்பு

பெட்ரோல் போட்டதை பில் காட்டும். எங்கே போனார், எதற்குப் போனார் என்பதை பில் காட்டாது. சிக்கலே இங்குதான்.

ஓட்டக் கணக்கு இல்லாதபோது அதிகாரிகள் சொந்த உபயோகம் என்று ஐந்தில் ஒரு பங்கோ, பத்தில் ஒரு பங்கோ குத்துமதிப்பாக வெட்டுவதும், வழக்கு அப்பீல் வரை போவதும் பல முறை நடந்தவைதான்.

அதைவிடப் பெரிய அடி வேறு. ஆதாரமே இல்லாத செலவைக் காட்டினால் சட்டம் அதைத் தவறான தகவல் கணக்கில் சேர்க்கிறது. அபராதம், ஏய்த்த வரியைப் போல் 2 மடங்கு. 20 சதவீத வரி கட்டுகிறவர் 1 லட்சத்து 60 ஆயிரத்தை இப்படி எழுதி மாட்டினால் வரி 32 ஆயிரம், அபராதம் 64 ஆயிரம். மொத்தம் 96 ஆயிரம். செஸ், வட்டி தனி!

இதற்கு மருந்து ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். தேதி, போன இடம், பார்த்த ஆள், கிலோ மீட்டர். நாலே கட்டம். அன்றன்றைக்கு எழுதினால் ஒரு நிமிட வேலை. பங்க்கில் கார்டிலோ யு.பி.ஐ.யிலோ பணம் கட்டினால் பில் வெளுத்தாலும் பாங்கிக் கணக்கில் பதிவு நிற்கும்.

வருடக் கடைசியில் உட்கார்ந்து ஒரே பேனாவில், ஒரே மையில் 365 நாளையும் எழுதுவது பலன் தராது. அதைப் பார்த்ததும் கண்டுபிடிக்க ஆபீசருக்கு பூதக்கண்ணாடி தேவையில்லை!